பதினாலாம் நம்பரில் ஓர் இருட்டு வண்டி

மாணிக்கவாசகம் முப்பத்தோரு வருஷம் மத்திய சர்க்காரில் பச்சைத் தாளில் குறிப்பெழுதினார். "பரிசீலிக்கலாம்." "மேலிடத்தின் கனிவான பார்வைக்கு." "இதற்கு முன்னுதாரணம் உண்டா என்று பார்க்கலாம்." இந்த மூன்று வாக்கியத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு, கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தவர் செக்‌ஷன் ஆபீசர் வரை வந்துவிட்டார். நாலாவதாக ஒரு வாக்கியம் தெரிந்திருந்தால் டெபுடி செக்ரட்டரி ஆகியிருப்பார் என்று அவர் மனைவி வள்ளியம்மை சொல்வாள்.

அவர் சொன்னதும் உடனே நடந்த காரியம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவருடைய மோட்டார் சைக்கிள். உதைத்தால் கிளம்பும். இணைச் செயலாளர் டூரில் இருக்கிறார், திங்கட்கிழமை வா என்று சொல்லாது.

எழுபத்து நாலில் டெல்லி கண்டோன்மெண்டில் ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களை ஏலம் விட்டபோது எடுத்த வண்டி அது. வெள்ளைக்காரன் தேசத்தில் செய்தது. எந்தக் கம்பெனி என்று யாராவது கேட்டால் பெட்ரோல் டாங்கைக் காட்டுவார். பேர் இருந்த இடத்தில், ஞாயிறு தவறாமல் அவர் தேய்த்த தேய்ப்பில், ஒரு வழவழப்புதான் மிச்சம். எழுபத்தாறில் தென்காசியிலிருந்து கல்யாணமாகி வந்த வள்ளியம்மையை ஸ்டேஷனிலிருந்து ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸுக்கு இந்த வண்டியில்தான் ஏற்றி வந்தார். மடியில் டிரங்குப் பெட்டி, பெட்டி மேல் பித்தளைக் குடம். "கண்ணைத் திறந்தப்ப குவார்ட்டர்ஸ் வந்துட்டு. நடுவுல டெல்லின்னு ஒரு ஊரு இருந்துதாம், நான் பாக்கல" என்பாள்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. வந்த மறு வருஷமே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குப் போய், இப்போது சூப்பர்வைசர். ஒரு ஹலோவை வைத்தே எந்த லைனில் தண்ணி இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இந்தத் திறமையை மாணிக்கவாசகம் வீட்டு விஷயங்களில் ஒருநாளும் உபயோகப்படுத்திக்கொண்டதில்லை. வேறு இலாகா.

எண்பத்தொன்பதில் மயூர் விஹாரில் கூட்டுறவு ஃப்ளாட் கிடைத்தது. நாற்பது வீடு, இருபத்திரண்டு பார்க்கிங். குலுக்கலில் இவருக்குப் பதினாலாம் நம்பர் விழுந்தது. கேட்டுக்குப் பக்கம், மேலே நிழல், கை எட்டும் தூரத்தில் தண்ணீர்க் குழாய். அன்றைக்கு மொத்த சொசைட்டிக்கும் நாலே கார் என்பதால் எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். தொண்ணூற்றொன்பதில் கார் முப்பத்தைந்து ஆகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. பதினாலாம் நம்பரைப் பார்க்கும்போது சிலர் கண்ணில் ஒரு பசி தெரிந்தது.

எல்லாரிலும் அதிகம் பசித்தவர் சொசைட்டி செக்ரட்டரி சதாசிவம். கோயம்புத்தூர்க்காரர். பொதுத்துறை நிறுவனமொன்றில் பெரிய உத்தியோகம். ஒருத்தரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதென்றாலும், "கொஞ்சம் அந்தப் பக்கமா வுழுகறீங்களா, வாசல்ல கோலம் போட்டிருக்குதுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவார். அவர் வீட்டில் ஒரு கார் இருந்தது. இரண்டாவது கார் தை மாதம் வருவதாக இருந்தது. அதை நிறுத்த இடம் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் முதல் பேர் அவருடையது. அந்தப் பட்டியலை எழுதியவரும் அவர்தான்.

நவம்பரில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. ஓடாத வாகனங்கள் பார்க்கிங்கை அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நின்றால் இடம் அடுத்தவருக்கு, வாகனம் பழைய இரும்பு வாங்கும் கபாடிக்காரனுக்கு.

மாணிக்கவாசகம் பதில் எழுதவில்லை. நேரே கீழே இறங்கி, செக்ரட்டரி வீட்டு ஜன்னலுக்கடியில் வண்டியை நிறுத்தி ஓர் உதை உதைத்தார். பழங்கால வண்டி, எஞ்சின் தனக்கு வேண்டிய தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், பேட்டரி தயவு வேண்டாம். தடதடவென்று கிளம்பியது. மூன்று மாடிக்கும் ஜன்னல் திறந்தது.

சதாசிவம் பனியனோடு எட்டிப் பார்த்தார். "ஓடுதுங்க, பார்த்தனுங்க. ரொம்ப சந்தோசங்க. லைட்டு எரியுதுங்களா?"

மாணிக்கவாசகம் ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"ஹாரனு?"

மாணிக்கவாசகம் வண்டியைப் பதினாலாம் நம்பருக்குத் திருப்பினார்.

மறுநாள் தாளில் ஒரு திருத்தம் சேர்ந்தது. ஓடுவது என்பது விளக்கும் ஹாரனும் வேலை செய்வதைக் குறிக்கும். ஜனவரி இரண்டாம் ஞாயிறு பொதுக்குழுவில், உறுப்பினர்கள் முன்னிலையில் சோதனை. தவறினால் திங்கட்கிழமை காலை கபாடிக்காரன். அவன் முன்கூட்டியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாக வாட்ச்மேன் சொன்னான். சதாசிவம் டேப் வைத்துப் பதினாலாம் நம்பரின் நீள அகலத்தை அளந்ததை சொசைட்டிக்காரர்கள் நாங்கள் பாதிப் பேர் பால்கனியிலிருந்தே பார்த்தோம்.

அக்டோபரில் ஆயுத பூஜை முடிந்த கையோடுதான் வியாதி ஆரம்பித்தது. முதல் வாரம் முன் விளக்கு பீடி முனை மாதிரி சிவந்தது. ஹாரன் ஜலதோஷம் பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி முனகியது. அப்புறம் இரண்டுமே இல்லை. பேட்டரியில் கரண்ட் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் முள், நடுவில் நின்று தியானத்தில் ஆழ்ந்தது.

நம் ஆள் வழக்கப்படி ஃபைல் திறந்தார். பச்சை அட்டை. பொருள்: வாகனத்தில் மின்சாரமின்மை. முதல் குறிப்பு: "பேட்டரி பலவீனமாக இருக்கலாம். பரிசீலிக்கலாம்." பக்கத்து பேட்டரிக் கடைக்கு ஒப்புதல் கொடுத்தவரும் அவரே. கடைக்காரன் ஒரு ராத்திரி சார்ஜ் ஏற்றிக் கொடுத்தான். விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றினார். எரியவில்லை. டைனமோவைக் கழற்றி, துணியில் கட்டி, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்ப் பழுது பார்த்தார். ஊஹூம். ஃபைல் கனத்தது, வண்டி இருட்டில் நின்றது.

கடைசியில் கரோல் பாக் போனார். அங்கே குர்தேவ் சிங் என்றொரு மிஸ்திரி. பழைய வண்டிகளுக்கு டெல்லியிலேயே அவர்தான் பெரிய டாக்டர். டாக்டர் மாதிரியே காத்திருக்க வைப்பார், டாக்டர் மாதிரியே திட்டுவார். வண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அரே அங்கிள் ஜி! இது உல்ட்டா வண்டி!"

உல்ட்டா, அதாவது தலைகீழ்தான். நாட்டில் ஓடுகிற மற்ற வண்டிகளில் பேட்டரியின் மைனஸ் முனையை வண்டி உடம்பில் கட்டுவார்கள். இதில் பிளஸ். சீட்டுக்குக் கீழே சட்டத்தில் ஒரு தடித்த போல்ட். பேட்டரியின் பிளஸ் பட்டையும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் வயரும் அந்த ஒரே போல்ட்டில் வந்து சேரும். முதன்முதலில் இதைக் கேள்விப்பட்டபோது வள்ளியம்மை, "ஊரு பூரா ஒருவழி, இது தனிவழி. உங்களை அளவெடுத்துத்தான் செஞ்சிருக்கான்" என்றாளாம்.

குர்தேவ் சிங் ஒரு சின்ன பல்பில் இரண்டு வயரை முடிந்து, பேட்டரியின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று வைத்தார். எரிந்தது. டைனமோவைத் தனியே சுற்றினார். எரிந்தது. முன் விளக்கைப் பேட்டரியோடு நேராகச் சேர்த்தார். ஜோராக எரிந்தது.

"பேட்டரி டீக். டைனமோ டீக். பல்ப் டீக். ஹாரன் டீக்."

"அப்போ ஏன் எரியலை, சர்தார் ஜி?"

"அதுதான் தெரியலை."

மாணிக்கவாசகத்துக்கு இந்த நிலைமை புதிதல்ல. எல்லாப் பிரிவும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டபின்னும் நகராத ஃபைல்களை அவர் முப்பத்தோரு வருஷம் பார்த்தவர்.

குர்தேவ் சிங் வண்டியில் தொடாத இடமே இல்லை. ஒன்றைத் தவிர. அந்த போல்ட். அதன் மேல் கட்டியாகச் சந்தனம், நடுவில் குங்குமம், சுற்றிலும் விபூதிப் பட்டை. ஸ்பானரைக் கிட்டே கொண்டுபோனார். பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் போல்ட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேட்டரிக்காரனும் இதையேதான் செய்திருந்தான். டைனமோவைத் திரும்ப மாட்டிக் கொடுக்க வந்தவன் ஒரு படி மேலே போய், ஊதுபத்தி கொளுத்தி வண்டிக்கு ஒரு சுற்றுக் காட்டினானாம்.

வள்ளியம்மையின் முதல் ஆயுத பூஜையில் ஏற்பட்ட வழக்கம் அது. பொட்டு எங்கே வைக்க என்று கேட்டிருக்கிறாள். முன் விளக்குக் கண்ணாடியில் வேண்டாம், கறை பிடிக்கும் என்றார். டாங்கில் வேண்டாம், பாலீஷ் போகும் என்றார். "நெத்தி இல்லாத வண்டியா வாங்கினீய?" என்று சுற்றிச் சுற்றி வந்தவள், இந்த போல்ட்டைக் கண்டுபிடித்து அதற்கு வைத்தாள். அதற்கப்புறம் இருபத்து மூன்று வருஷமாக, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய சந்தனம் அந்தத் தலையில்தான் ஏறியது. வண்டி ஒன்றும் சொல்லவில்லை. சந்தனம் மேலே இருந்தது. அடியில் பட்டையும் இரும்பும் ஒட்டிக்கொண்டு தங்கள் வேலையைப் பார்த்தன.

தொண்ணூற்றொன்பதில் வண்டி வாங்கி இருபத்தைந்து வருஷம். வெள்ளி விழா. மாணிக்கவாசகம் அந்த போல்ட்டையும் கழற்றி, பட்டையை ஒதுக்கி, சட்டம் முழுக்க இரண்டு கோட்டு கறுப்புப் பெயிண்ட் பூசினார். போல்ட் உட்காரும் இடத்தையும் விடவில்லை. அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது. காய்ந்ததும் பட்டையைப் பெயிண்ட் மேல் வைத்து முடுக்கினார். மறுநாள் ஆயுத பூஜைக்கு வள்ளியம்மை, வெள்ளி விழாவாச்சே என்று சந்தனத்தை இரட்டிப்பாகக் குழைத்து, தண்ணி சொட்டச் சொட்ட அப்பினாள். கணவன் கீழே, மனைவி மேலே. கரண்ட் எந்தப் பக்கம் போகும்?

இதையெல்லாம் அவர் ஃபைலில் எழுதவில்லையா என்றால், எழுதினார். ஆனால் பெயிண்ட் அடித்தது வேறு ஃபைல். பொருள்: வாகனத்தை அழகுபடுத்துதல். அது மஞ்சள் அட்டை. மின்சாரம் பச்சை அட்டை. இரண்டு அட்டையும் ஒரே அலமாரியில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. இதில் அதைப் பற்றியோ அதில் இதைப் பற்றியோ ஒரு வரி கிடையாது.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு. பதினோரு மணிக்குப் பனிமூட்டம் விலகி, புல்தரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பொதுக்குழு வெயில் காய்ந்தது. முப்பத்தெட்டு உறுப்பினர்கள், இரண்டு தட்டு சமோசா. தலைவர் பாலசுப்ரமணியம், விமானப்படையில் ஓய்வு பெற்றவர். எதையும் விதிப்படிதான் செய்வார். சொசைட்டி விதிப்புத்தகத்தில் 'வாக்கெடுப்பு கை உயர்த்துதல் மூலம்' என்றிருந்ததால், டீயா காப்பியா என்பதைக்கூடக் கை உயர்த்தச் சொல்லித்தான் கேட்பார்.

குர்தேவ் சிங் முந்தின நாள்தான் பேட்டரியை முழுக்க ஏற்றிக் கொடுத்திருந்தார். மாணிக்கவாசகம் இஸ்திரி போட்ட சஃபாரி சூட்டில் வந்தார். வண்டியைப் பதினாலாம் நம்பரில் நிறுத்தி உதைத்தார். கிளம்பியது. கைதட்டக்கூட நாலு பேர் இருந்தார்கள்.

"லைட்டுங்க" என்றார் சதாசிவம், நோட்டும் பேனாவுமாக.

சுவிட்சைத் திருகினார். இருட்டு.

"ஹாரனுங்க."

அமுக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடி அமுக்கினார். கட்டை விரல் வெளுக்கும்வரை அமுக்கினார். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மேலதிகாரியையும் அமுக்காத அமுக்கு. பழைய பொத்தான், உள்ளே போனது வெளியே வரவில்லை. அது மாட்டிக்கொண்டதை அவரும் கவனிக்கவில்லை, சத்தமே இல்லாத ஹாரனில் எப்படிக் கவனிப்பது? எஞ்சினை நிறுத்தினார்.

"அப்பா, ஜல்தி ஏதாவது பண்ணுங்க" என்றாள் மகள் கவிப்ரியா. டெல்லியிலேயே பிறந்த பெண், கல்லூரியில் படிக்கிறாள். "எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு ஷரம் ஆகுது."

"அப்ப எழுதிக்கலாங்களா?" சதாசிவம் ஏற்கெனவே எழுதியிருந்தார், தேதி மட்டும்தான் பாக்கி. "வருத்தமாத்தானுங்க இருக்குது. கபாடிக்காரருகிட்ட பத்திரமா எடுத்துட்டுப் போகச் சொல்றேனுங்க."

மாணிக்கவாசகம் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். பிடியை விடவில்லை. வள்ளியம்மை அதைப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"ஏங்க, பேட்டரி நல்லாருக்குன்னா சொன்னாரு?"

"டீக்."

"டைனமோ?"

"டீக்தாம்ட்டி. எல்லாம் டீக்."

"லைனும் நல்லாருக்கு, போனும் நல்லாருக்குன்னா எங்க எக்ஸ்சேஞ்சுல என்ன செய்வோம்? ஜாயிண்ட்டைப் பிரிப்போம். இதுல எல்லாம் வந்து சேர்ற ஜாயிண்ட் எது?"

அவர் சீட்டுக்குக் கீழே கை காட்டினார். அவள் குனிந்தாள்.

"இதைக் கழட்டிப் பாத்தீயளா?"

"அதுல நீ வச்ச சந்தனம்லா இருக்கு."

"இத்தனை மிஸ்திரி பாத்தாவளே, ஒருத்தர்கூடவா தொடல?"

"தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க."

வள்ளியம்மை கணவனை ஒரு பார்வை பார்த்தாள். ராங் நம்பர் ஆசாமிகளுக்கென்று அவள் வைத்திருக்கும் பார்வை. "கவி, மேல ஓடிப்போயி தோசைத் திருப்பியை எடுத்துட்டு வா. பழசு இல்ல, கூரா இருக்குமே அது."

"ஏட்டி, வேண்டாம். சாமிக்கு வச்சது."

"வச்சது நாந்தானே? நானே எடுக்கேன். சாமிக்கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க ஸ்பானரை எடுங்க."

தோசைத் திருப்பி வந்தது. காலைத் தோசையின் எண்ணெய் இன்னும் அதில் மினுங்கியது. வள்ளியம்மை புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சந்தனம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது, உள்ளே செப்புப் பட்டையில் பச்சைக் களிம்பு. பார்த்தவர்களில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சதாசிவம் செருப்பைக் கழற்றிவிட்டார். மாணிக்கவாசகம் போல்ட்டைக் கழற்ற, அடியில் கறுப்புப் பெயிண்ட் கண்ணாடியாக மின்னியது.

"இங்கயும் பூசியிருக்கீயளா?"

"அது அந்த ஃபைல்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மஞ்சள் அட்டை நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

அவள் பெயிண்டையும் சுரண்டினாள். இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினாள். பட்டையைத் துடைத்து வைத்து, "முடுக்குங்க" என்றாள். அவர் போல்ட்டைத் திருகினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று.

மூன்றாவது சுற்றில் உலகம் இரண்டாகப் பிளந்தது.

இரண்டரை மாதம் ஊமையாக இருந்த ஹாரன், முழு பேட்டரியோடு, மாட்டிக்கொண்ட பொத்தானோடு, தன் பங்குக்குப் பேச ஆரம்பித்தது. ராணுவத்துக்காகச் செய்த ஹாரன். கேட்டில் படுத்திருந்த நாய் பக்கத்து சொசைட்டிக்கு உறுப்பினராகிப் போய்விட்டது. முன் விளக்கு நடுப்பகலில் பளீரென்று எரிந்து சதாசிவத்தின் முகத்தில் விழுந்தது. மாணிக்கவாசகம் உதைத்துக் கிளப்பினார். முள் தியானம் கலைந்து, சார்ஜ் பக்கம் சாய்ந்தது.

சதாசிவம் வாயைத் திறந்து மூடினார். ஆட்சேபணை சொல்கிறார் என்று உதடு தெரிவித்தது. இப்படி நிற்காமல் அலறுவது வேலை செய்வதாகாது என்றோ, சோதனை நேரம் முடிந்துவிட்டது என்றோ, ஏதோ நல்ல பாயிண்ட்தான் சொல்லியிருப்பார். கோயம்புத்தூர் மரியாதையோடு சொல்லியிருப்பார். யார் காதிலும் விழவில்லை.

தலைவர் பாலசுப்ரமணியம் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்தார். பதினாலாம் நம்பர் மாணிக்கவாசகத்துக்கே தொடரலாம் என்போர் கை உயர்த்துக என்று பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, தலைக்கு மேல் பிடித்துக் காட்டினார். அப்புறம் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார். எல்லாக் கையும் உயர்ந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் இரண்டு கை, இரண்டு காது. அவர் நிதானமாக, விரலை நீட்டி, ஒன்று விடாமல் எண்ணினார். செக்ரட்டரியின் கைகளையும் எண்ணினார். அவை மற்றவர்களுடையதைவிட இறுக்கமாகக் காதைப் பொத்தியிருந்தன.

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு இன்னும் சொசைட்டி அலுவலகத்தில் இருக்கிறது. வந்திருந்தோர் முப்பத்தெட்டு. ஆதரவு எழுபத்தாறு. எதிர்ப்பு இல்லை. கீழே சதாசிவத்தின் கையெழுத்து.

ஹாரனை நிறுத்த அந்த போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். மாணிக்கவாசகத்துக்கு அது தெரியும். ஆனாலும் முதலில் வண்டியில் ஏறி, சொசைட்டியை மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்துதான் தளர்த்தினார். பின் சீட்டில் வள்ளியம்மை, கையில் தோசைத் திருப்பி. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் சந்தனம் குழைத்தபோது, "போல்ட்டுல வேண்டாம்" என்றார் அவர், கெஞ்சலாக.

"எனக்குத் தெரியாதா?"

கீழே வந்தவள் வண்டியைத் தாண்டிப் போனாள். தரையில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பதினாலு என்ற எண்ணின் மேல் சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, விபூதிப் பட்டை இழுத்தாள். இரண்டு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி வைத்தாள்.

சதாசிவத்தின் இரண்டாவது கார் அன்றும் வெளியே தெருவில்தான் நின்றது. டேப்பைச் சட்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டு பதினாலாம் நம்பர் வரைக்கும் வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றி, குனிந்து தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுற்றிப் போனார்.